உப்புக்காற்று வீட்டில் அலர்ஜிப் பொருள்கள்: எது காசுக்குத் தகும், எது தகாது

ஏர் பியூரிஃபையர் விளம்பரங்கள் டெல்லிப் புகையைக் காட்டி விற்கின்றன. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிய வீடுகளில் சங்கதியே வேறு. இங்கே காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கடைப்பு, பிள்ளைகளுக்கு இரவில் இளைப்பு என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மெத்தைக்குள் வாழும் தூசு உண்ணியை. கால் மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பு வழியாகவே இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நாள் கணக்கில் நின்றால் வற்றிச் சாகும். நம் கரையில் அது எங்கே நிற்கிறது? ஐப்பசி, கார்த்திகையில் விடியற்காலை எண்பதைத் தாண்டும்.

உண்ணி கடிப்பதில்லை. தொல்லை அதன் எச்சத்தில் இருக்கிறது. எச்சத் துகள் ஒவ்வொன்றும் 10 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கொஞ்சம் கனமானது என்பதால், போர்வையை உதறினால் கிளம்பி, இருபது முப்பது நிமிடத்தில் திரும்ப மெத்தையிலும் தரையிலும் படிந்துவிடும். அலர்ஜிக்கென்று விற்கும் எந்தப் பொருளையும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே எடை போடலாம்: அது காற்றைத் துரத்துகிறதா, படிந்ததைப் பிடிக்கிறதா?

கையில் ஐயாயிரம் ரூபாய் இருந்தால் ஈரப்பதமானி ஒன்று, மெத்தை உறை ஒன்று, தலையணை உறைகள். இருபதாயிரம் இருந்தாலும் முதலில் இதுதான். மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம். அதற்கும் முன்னால், எதனால் அலர்ஜி என்று தோலில் ஊசிமுனைச் சோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்துகொள்வது நல்லது. கரப்பான் பூச்சி அலர்ஜிக்காரர் மெத்தை உறை வாங்கிப் பயனில்லை.

ஈரப்பதமானி

டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மலிவு மாடல்கள் 5 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டும். அதற்காக விலை கூடியதை வாங்க வேண்டாம், வீட்டிலேயே சரிபார்க்கலாம். தண்ணீர் பாட்டில் மூடியில் ஒரு டீஸ்பூன் தூள் உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். மேலே தண்ணீர் தேங்கக் கூடாது. மூடியையும் மீட்டரையும் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து இறுக மூடி, பத்து மணி நேரம் விடுங்கள். உள்ளே 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படியுங்கள். கல்லுப்பு இதற்கு ஆகாது. உப்பளத்துக் கல்லுப்பில் மக்னீசியம் உப்புகள் கலந்திருக்கும். அவை ஈரத்தை இன்னும் பலமாக இழுத்து அளவைக் குறைத்துக் காட்டும்.

மீட்டரைச் சுவரில் மாட்டாமல் மெத்தை உயரத்தில், தலைமாட்டுப் பக்கம் வையுங்கள். காலை ஆறு மணி, பிற்பகல் மூன்று மணி, இரவு பத்து மணி என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டால் போதும். மேற்கே நிலத்தைத் தாண்டி வரும் கச்சான் காற்றுக் காலத்தில் பிற்பகல் அளவு நன்றாக இறங்குவதும், வாடைக்காற்று திரும்பியதும் நாள் முழுக்க ஏறி நிற்பதும் கண்முன் தெரியும். மெத்தையை எந்த மாதம் வெயிலில் போடுவது, எந்த மாதம் ஈரம் எடுக்கும் எந்திரம் ஓட்டுவது என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

மெத்தை உறை

கடையில் "மேட்ரஸ் ப்ரொடெக்டர்" என்று கேட்டால் ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த விரிப்பைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது குழந்தை மூத்திரத்துக்கும் சிந்தும் காபிக்கும். மேலேயும் பக்கத்திலும் மட்டும் மூடும். அடிப்பக்கம் திறந்தே இருக்கும். அலர்ஜிக்கு வேண்டியது, மெத்தையை ஆறு பக்கமும் பைக்குள் போட்டு ஜிப் போடும் வகை. "அண்ணே, அடிப்பக்கமும் மூடுமா, ஜிப் எத்தனை பக்கம் வருது?" என்று கேட்டு வாங்குங்கள். மூன்று பக்கம் ஜிப் வருவது மேல். ஒரு பக்கம் மட்டும் ஜிப் இருந்தால், இலவம்பஞ்சு மெத்தையை உள்ளே நுழைப்பதற்குள் தையல் பிரிந்துவிடும்.

துணியில் இரண்டு ரகம். ஒன்று, உள்பக்கம் பாலியூரித்தேன் பூசியது. எதையும் விடாது, காற்றையும் விடாது. மே மாதம் அதன்மேல் படுத்தால் முதுகு நனைந்துவிடும். இன்னொன்று, நெருக்கமாக நெய்த மைக்ரோஃபைபர். நெசவு இடைவெளி 10 மைக்ரானுக்குக் குறைவாக இருந்தால் உண்ணி எச்சம் வெளியே வராது, காற்றும் வேர்வை ஆவியும் போகும். வீட்டில் பூனை இருந்தால் 6 மைக்ரான் தேடுங்கள். நம் ஊருக்கு நெய்த ரகமே சரி, விலை கொஞ்சம் கூடினாலும். அட்டையில் மைக்ரான் அளவு போடாமல் "ஆன்டி மைட்" என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் மருந்து தோய்த்த சாதாரணத் துணியாக இருக்கும், சில சலவையில் மருந்து போய்விடும். கடையிலேயே செல்போன் டார்ச்சைத் துணிக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். ஊசிக்குத்துப் போலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் நெசவு தளர்வு.

அடுத்து ஜிப். கடலோரத்தில் உறை கிழிந்து போவதைவிட ஜிப் இறுகிப் போவதே அதிகம். பல் நைலானாக இருந்தாலும் இழுக்கும் தலை மலிவு உலோகமாக இருந்தால், உப்புக்காற்றில் பச்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தலை கிடைத்தால் அதுதான். இல்லையென்றால் மாதம் ஒருமுறை மெழுகுவத்தியைப் பல்லின்மேல் தேய்த்து இழுத்துவிடுங்கள். ஜிப் முடியும் மூலையில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி பல உறைகளில் இருக்கிறது. அங்கே துணி மடிப்பு வைத்துத் தைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அகலமான துணி டேப்பை ஒட்டிவிடுங்கள்.

அளவு எடுக்கும்போது இலவம்பஞ்சு மெத்தையை அதன் மிகத் தடித்த இடத்தில் அளக்க வேண்டும். நடுவில் நாலு அங்குலம், ஓரத்தில் ஆறு அங்குலம் என்றால் ஆறுதான் கணக்கு. நீள அகலத்தில் ஒரு அங்குலம் தளர்வு போதும். அதற்கு மேல் போனால் உறை சுருண்டு, விரிப்பு நகர்ந்துகொண்டே இருக்கும்.

உறை போட்டபின் வரும் புகார்களில் பெரும்பங்கு பூசண வாடை. காரணம் உறையில் இல்லை. ஈர மெத்தையை அடைமழை நாளில் உள்ளே போட்டு மூடினால் ஈரம் எங்கே போகும்? பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் பதினொரு மணிக்குப் போட்டு, ஒரு மணிக்குத் திருப்பி, மூன்று மணிக்கு எடுங்கள். இப்படி இரண்டு மூன்று நாள். சூடு ஆறியதும், அலர்ஜி இல்லாத ஒருவர் மாஸ்க் கட்டிக்கொண்டு பிரம்பால் அடித்துத் தட்டிவிட்டு, பிறகு உறை போடட்டும். சிமெண்டுத் தரையில் நேராகப் போட்ட மெத்தைக்கு உறை போடுவதானால் அடியில் பனையோலைப் பாய் விரித்து, வாரம் ஒருமுறை நிமிர்த்திச் சாத்தி வையுங்கள். பலகைகளுக்கு நடுவே இடைவெளி உள்ள கட்டில் இருந்தால் இந்த வேலை இல்லை.

உறை போட்டால் வியாதி போய்விடுமா? அப்படி விற்பவரை நம்ப வேண்டாம். பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள 1,122 பெரியவர்களிடம் நடத்தி 2003-ல் வெளிவந்த ஆய்வில், உறை மட்டும் போட்டதால் மருத்துவப் பயன் எதுவும் தெரியவில்லை. ஆனால் 2017-ல் வெளியான மான்செஸ்டர் ஆய்வு, உண்ணி அலர்ஜியும் ஆஸ்துமாவும் உள்ள 284 குழந்தைகளைப் பார்த்தது. சாதாரண உறை போட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டில் மூச்சுத்திணறலோடு அவசரச் சிகிச்சைக்குப் போக, உண்ணி புகாத உறை போட்டவர்களில் அது 29 சதவீதம். எனவே குழந்தை படுக்கும் மெத்தைக்கு முதல் உறை, பெரியவர்களுக்கு அப்புறம். இன்ஹேலரை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது மட்டும் கூடாது.

பாயில் படுக்கும் வீடுகளுக்கு இந்தச் செலவே குறைவு. கோரைப்பாயிலும் ஓலைப்பாயிலும் உண்ணி குடியிருக்க மெத்தை அளவுக்கு இடமில்லை. தினமும் சுருட்டி வெயிலில் சாத்தினால் முடிந்தது. தலையணைக்கு மட்டும் உறை வாங்குங்கள். பல வருஷத்து இலவம்பஞ்சுத் தலையணைக்கு உறை போடுவதைவிட அதைக் கழித்துவிடுவது மலிவு.

உறைக்கு மேலே விரிக்கும் பெட்ஷீட்டும் தலையணைத் துணியும் வாராவாரம் துவைக்க வேண்டும், அதுவும் 60 டிகிரி வெந்நீரில். பச்சைத் தண்ணீர் எச்சத்தைக் கழுவிவிடும், உண்ணி பிழைத்துக்கொள்ளும். மெஷினில் ஹீட்டர் இல்லையென்றால் கொதிக்கும் தண்ணீர் ஒரு வாளி, குழாய்த் தண்ணீர் ஒரு வாளி சரிபாதி கலந்தால் அறுபதுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதில் இருபது நிமிடம் ஊறப் போடுங்கள். இன்னொரு விஷயம்: போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் கடைசி அலசல் மட்டுமாவது காவிரித் தண்ணீரில் இருக்கட்டும். உப்பு தங்கிய துணி மழைக்காலத்தில் காயவே காயாது, காய்ந்தாலும் இரவில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். வேலிக்கருவை பூத்துக் கிடக்கும் நாட்களில், அந்தப் பக்கம் கொடி கட்டி விரிப்பைக் காயப்போடாதீர்கள். அதன் மகரந்தமும் தும்மல் கிளப்புவதுதான்.

டீஹியூமிடிஃபையர்

காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி எடுக்கும் இந்த எந்திரம் பன்னிரண்டாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை ஆகும் பொருள் என்பதால் கணக்குப் போட்டே பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம்: 34 கன மீட்டர் காற்று. வெளியே 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரம் என்றால் ஒரு கன மீட்டரில் சுமார் 23 கிராம் தண்ணீர் இருக்கும். அதை 50 சதவீதத்துக்கு இறக்க வேண்டுமென்றால் 15 கிராமாக்க வேண்டும். ஆக, அறைக் காற்று ஒருமுறை மாறினால் கால் லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் புதிதாக உள்ளே வருகிறது. கதவு ஜன்னல் சாத்திய கான்கிரீட் அறையில் இடுக்கு வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று மாறும் என்று வைத்தால் நாளைக்கு மூன்று லிட்டர். உள்ளே இருவர் தூங்கினால் மூச்சிலும் வேர்வையிலும் இன்னும் முக்கால் லிட்டர். நான்கு லிட்டர் என்று முடிவு கட்டலாம்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் மணிக்குப் பத்து முறை காற்று மாறும். மணிக்கு இரண்டரை லிட்டர்! எந்த வீட்டு எந்திரமும் அதைத் தாங்காது. ஓட்டு வீட்டுக்கும் ஓலைக் கூரைக்கும் இந்தப் பொருளே வேண்டாம். கூரை இடுக்கெல்லாம் ஜன்னல்தான்.

பெட்டியில் "ஒரு நாளைக்கு 12 லிட்டர்" என்று போட்டிருப்பது வழக்கமாக 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது. அறை உலர உலர எந்திரம் பிடிக்கும் தண்ணீர் குறையும். அறுபதுக்கு இறங்கியதும் பாதிதான் வரும். அதனால் நான்கு லிட்டர் தேவைக்கு 12 லிட்டர் மாடல், இரண்டு அறைக்கு என்றால் 20 லிட்டர். "மினி" என்று இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு ஆன்லைனில் வரும் கைக்கு அடக்கமானவற்றில் கம்ப்ரஸரே கிடையாது. நாள் முழுக்க ஓடியும் கால் லிட்டர், அரை லிட்டர். அறைக்கு அது எதற்கு?

கரண்டைப் பார்த்தால், 12 லிட்டர் மாடல் 200 வாட் இழுத்து, தினம் 16 மணி நேரம் ஓடினால் 3.2 யூனிட். இரண்டு மாத பில்லில் 190 யூனிட் ஏறும். இழுத்த கரண்ட் முழுவதும் சூடாக அறைக்குள்ளேயே விழும். ஆவி தண்ணீராகும்போது விடும் சூடும் சேர்ந்துகொள்ளும். கத்திரி வெயிலில் அதோடு ஒரே அறையில் தூங்க முடியாது. பகலில் ஆளில்லாதபோது அறையைச் சாத்தி ஓட்டுவதுதான் வழி. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். தூசு உண்ணிக்குத் தினம் சில மணி நேரம் ஈரம் கிடைத்தாலே பிழைத்துக்கொள்ளும். பகலில் உலர்த்தி இரவில் ஜன்னலைத் திறந்தால் அதற்குப் பெரிய சேதமில்லை. இந்த எந்திரம் பூசணத்துக்கு நல்ல மருந்து, உண்ணிக்குப் பாதி மருந்து. அலமாரித் துணியிலும் புத்தகத்திலும் பூசணம் பிடிக்கிறதென்றால் வாங்குங்கள்.

ஏ.சி. இருக்கும் அறைக்கு இதைத் தனியாக வாங்குவதற்கு முன், ஏ.சி.யின் டிரை மோடை ஒரு வாரம் ஓட்டி மீட்டரைப் பாருங்கள். இன்வெர்ட்டர் ஏ.சி. கேட்ட குளிருக்கு வந்ததும் மெதுவாக ஓடும். அப்போது தண்ணீர் எடுப்பது குறைந்து ஈரப்பதம் ஏறும். கம்ப்ரஸர் நின்றபின் ஃபேன் மட்டும் ஓடினால், உள்ளே குளிரும் உலோகச் சுருளில் (காயில்) நிற்கும் ஈரத்தையே திரும்ப அறைக்குள் ஊதும்.

வாங்கினால் தண்ணீர்த் தொட்டியை நம்பாதீர்கள், நிறைந்ததும் நின்றுவிடும். பின்னால் குழாய் மாட்ட வழி இருக்கிறதா பார்த்து, குளியலறைக்குச் சரிவாக இழுத்துவிடுங்கள். வலை வடிகட்டியை இரு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைத்தால், காயிலின் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். பூச்சுப் பூசிய காயிலா என்று கேட்டு வாங்குவது நல்லது. பீரோவுக்குள் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு டப்பா மூடிய பீரோவுக்கு நன்றாகவே வேலை செய்யும். அதில் சேரும் நீர் மட்டும் இரும்பில் சிந்தக் கூடாது, ஒரே மாதத்தில் துரு.

பியூரிஃபையரும் மற்றவையும்

ஹெபா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளையும் 99.97 சதவீதம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதனிடம் வந்து சேர்ந்ததைத்தானே பிடிக்கும்? உண்ணி எச்சம் மெத்தையில் கிடக்கிறது, மூக்கு அதன்மேல் கிடக்கிறது, எந்திரம் மூலையில் ஓடுகிறது. பூனை வளர்க்கும் வீட்டுக்கு இது பயன்படும்; பூனை அலர்ஜித் துகள் சிறியது, மணிக்கணக்கில் மிதக்கும். பக்கத்தில் கருவைக் கரிமூட்டம் போடும் ஊர்களுக்கும் பயன்படும். கொசுவத்திப் புகையையும் பிடிக்கும், ஆனால் அதற்குக் கொசுவலை போதும். வாங்குவதானால் மேலே சொன்ன அதே அறைக்கு மணிக்கு ஐந்து முறை காற்றை மாற்ற, சி.ஏ.டி.ஆர். (எந்திரம் சுத்தமாக்கித் தரும் காற்றின் அளவு) மணிக்கு 170 கன மீட்டராவது இருக்க வேண்டும். கதவைச் சாத்தினால்தான் அந்தக் கணக்கு. அயனி, ஓசோன் என்று எழுதியிருந்தால் அந்த வசதியை அணைத்தே வையுங்கள்; ஓசோன் மூச்சுக்குழாயை அரிக்கும்.

நீல விளக்கு எரியும் "மைட் வேக்குவம்" கையில் பிடிக்கும் வகை, காசு வீண். ஒரு இடத்தில் ஓரிரு விநாடி படும் புற ஊதா ஒளி மெத்தைக்குள் இறங்காது. உண்ணி நூலைப் பற்றிக்கொண்டு உள்ளேயே இருக்கும். ஹெபா இல்லாத எந்த வேக்குவமும் முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதும். சிமெண்டு, டைல்ஸ் தரைக்கு ஈரத் துடைப்பான் அதைவிட மேல். துடைப்பத்தால் பெருக்கினால் அரை மணி நேரம் அலர்ஜிக்காரர் அந்த அறைக்கு வர வேண்டாம்.

சுவர்

ஒழுகலே இல்லாத சுவர் மழைக்காலத்தில் வேர்க்கிறதா? கலவையில் உப்பு மணலோ உப்புத் தண்ணீரோ சேர்ந்திருக்கும். உப்பு, காற்றின் ஈரப்பதம் 75-ஐத் தாண்டியதும் தானே தண்ணீர் இழுக்கும். பின்னாலேயே பூசணம். அதன்மேல் "ஆன்டி ஃபங்கல்" பெயிண்ட் அடித்தால் ஓரிரு மழையில் கொப்பளித்துப் பொரிந்துவிடும். அந்தப் பெயிண்ட் நல்ல காரைக்கு மட்டும். பூசணத்தைச் சோப்புத் தண்ணீரால் நனைத்த பிறகே தேய்த்தெடுங்கள், காய்ந்தபடி சுரண்டினால் வித்து வீடெல்லாம் பறக்கும். பிளீச்சிங் கரைசல் கறையை வெளுக்கும், செத்த பூசணமும் அலர்ஜிதான், அதனால் தேய்ப்புதான் முக்கியம். பிளீச்சிங்கோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்தால் விஷ வாயு. சுவர் காய்ந்தபின் வெள்ளையாகப் பூக்கும் உப்பைத் தண்ணீர் விடாமல் பிரஷ்ஷால் தட்டியெடுத்து, சுண்ணாம்பு இரண்டு மூன்று கை அடிப்பது நம் ஊருக்குப் பொருந்தும். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் பிடிக்காது, சுவரும் மூச்சு விடும். பீரோவை அரையடி தள்ளிப் போடுங்கள்.

அடுக்களை

எந்தப் பெட்டியிலும் எழுதாத ஒன்று கருவாடு. சரியாகக் காயாத கருவாட்டில் வேறு இன உண்ணிகள் பெருகும். சாக்கிலோ கூடையிலோ படுக்கையறைப் பரணில் வைத்தால், மெத்தைக்குப் போட்ட உறை வேலை செய்தும் தும்மல் நிற்காது. வாய் இறுகிய டப்பாவில் அடுக்களையிலோ ஃப்ரிட்ஜிலோ இருக்கட்டும். இறாலிலும் தூசு உண்ணியிலும் கரப்பானிலும் டிரோப்போமயோசின் என்ற புரதம் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால், ஒன்றில் அலர்ஜி உள்ள சிலருக்கு மற்றதிலும் வரும். இறால் வேகும் ஆவியே சிலருக்கு இளைப்பைக் கிளப்பும். அடுப்புக்கு நேர் மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க வேண்டிய காரணம் அது, வாடை மட்டுமில்லை.

கரப்பானுக்கு ஸ்பிரேயைவிட ஜெல் நல்லது. துவரம்பருப்பு அளவு சொட்டாக, அலமாரிக் கீல், சிங்க் அடி, ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம் என்று இருட்டான இடங்களில் வையுங்கள். பக்கத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. சமையல் எண்ணெய் படிந்த இடத்தில் வைத்தாலும் ஒட்டாது. இரண்டு வாரத்தில் கரப்பான் குறையும். அதோடு விட்டுவிடாமல் எச்சமும் உடைந்த ஓடும் கிடக்கும் இடுக்குகளைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுங்கள். கரப்பான் ஒழிந்தபின்னும் அந்தத் தூள் மாதக்கணக்கில் அலர்ஜி கிளப்பிக்கொண்டே இருக்கும்.